வேப்பெண்ணெய் பூசாத காலை

காலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது இரத்தம். ஒரு நாணல் இலையின் மேல், என் முழங்கால் உயரத்தில், விரல் நீளத்துக்குப் பூசினாற்போல் இருந்தது. காய்ந்து கறுத்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு நுளம்பு உட்கார்ந்திருந்தது.

2004ஆம் ஆண்டு ஜூலை மாதம். தென் ஜெர்மனியில், ரைன் ஆறு முன்னொரு காலத்தில் வளைந்து வளைந்து ஓடிய இடம் அது. ஆற்றை நேராக வெட்டியபோது கைவிட்ட வளைவுகள் இன்றைக்கும் சதுப்பாகக் கிடக்கின்றன. ஓரமெல்லாம் ஆளை மறைக்கும் நாணல். நாணலுக்கு அப்பால் கோதுமை வயல், சோள வயல். பகலில் காட்டுப்பன்றிகள் நாணலுக்குள் படுத்திருக்கும். பொழுது சாயும் நேரம் வயலுக்கு வரும்.

அன்று நாங்கள் நான்கு பேர். நாங்கள் வேலை செய்த விடுதியின் முதலாளி. அந்தச் சதுப்பில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர்தான். பக்கத்துக் கிராமத்திலிருந்து மோப்ப நாயுடன் வந்த ஒரு பெண். விடுதியின் சமையல்காரர், வன்னியைச் சேர்ந்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர். கடைசியாக நான். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். இங்கே பாத்திரம் கழுவினேன்.

முந்தின நாள் மாலை கோதுமை அறுத்தார்கள். வயல் சுருங்கச் சுருங்க உள்ளே ஒளிந்திருந்த பன்றிகள் வெளியே ஓடின. முதலாளி ஒன்றைச் சுட்டார். குண்டு பட்டது, ஆனால் பன்றி விழவில்லை. நாணலுக்குள் போய்விட்டது. அடிபட்ட பன்றியைத் தேடி யாரும் இருட்டில் நாணலுக்குள் இறங்குவதில்லை. விடியும்வரை காத்திருந்து, நாயைக் கொண்டுவந்து தேடுவார்கள். கிடைத்தால் அதைச் சேற்றிலிருந்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவருவது அண்ணையின் வேலை. எனக்குக் கயிறு பிடிக்கிற வேலை.

அண்ணை உயரமில்லை. ஆனால் தோள் அகலம். பன்றியின் முன்னங்காலில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வலது தோளுக்குக் குறுக்கே போட்டு, குனிந்து நடப்பார். நூறு கிலோ பன்றியையும் அப்படித்தான் இழுத்தார். கரைக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "பேப்பர்காரர், உதை எழுதி வையும்" என்பார். நான் எதையும் எழுதி வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

துவக்கு அவர் தொடமாட்டார். முதலாளி ஒருமுறை, நீ வேண்டுமானால் வேட்டைப் பரீட்சை எழுது, செலவை நான் பார்க்கிறேன் என்றார். அண்ணை என்னிடம் தமிழில் சொன்னார்: "துவக்குக்குப் பயந்து ஓடி வந்து, இஞ்சை துவக்குக்குப் பரீட்சை எழுதுறதோ? ஏலாது எண்டு மரியாதையாச் சொல்லும்." நான் மரியாதையாகச் சொன்னேன்.

அவர் ஊரைவிட்டு வரும்போது மகளுக்கு எட்டு மாதம். இப்போது எட்டு வயது. ஊரில் சண்டை நின்றிருந்த காலம் அது. வெளிநாடுகளில் இருந்த தகப்பன்மார் பலர் ஊருக்குப் போய்வந்தார்கள். அண்ணையின் அகதிப் பாஸ்போட்டில் சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் தகப்பன் கனடாவிலிருந்து வந்து இறங்கி, பஸ் நிலையத்திலேயே பிள்ளையைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தாராம். அதைப் பார்த்துவிட்டு வந்த மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, நீங்கள் என்னைத் தூக்குவீங்களோ?"

"நான் இஞ்சை பன்றி தூக்கிறன். உன்னைத் தூக்கமாட்டனோ?"

"நான் பன்றி இல்லை."

"எத்தினை கிலோ இருப்பாய்?"

"தெரியாது."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு விளையாட்டானது. முதலாளி சுடும் ஒவ்வொரு பன்றியையும் குளிர் அறைக் கொக்கியில் மாட்டி நிறுக்கும்போது முள்ளைப் பார்ப்பார். உடம்பில் கோடு மறையாத குட்டி வந்தால், "இது அவள் நாலு வயசில." ஒரு வயதுப் பன்றி வந்தால், "இப்ப இந்தளவு இருப்பாள், என்ன?" அது நாற்பது கிலோ இருக்கும். அவ்வளவு இருக்கமாட்டாள் அண்ணை என்றால் கோபம் வரும். "தாய் நல்லாச் சாப்பாடு குடுக்கிறவள்" என்பார்.

ஜூன் மாதம் விசா கிடைத்தது. மனைவியும் மகளும் ஓகஸ்ட் நடுப்பகுதியில் பிராங்பேர்ட்டில் வந்து இறங்குவதாக டிக்கெட் போட்டாகிவிட்டது. விமான நிலையத்தில் மகளைத் தூக்குவது என்று அண்ணை முடிவு செய்திருந்தார். தலைக்குமேல். கனடாக்காரர் தூக்கியதற்குக் குறையாமல்.

அந்தச் சதுப்பில் பயப்பட வேண்டியவை இரண்டு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒன்று பன்றி. மற்றது நுளம்பு. நுளம்பு என்றால் வெறும் தொல்லை அல்ல. மழைக்குப் பிறகு ஆறு கரை மீறி வடிந்தால் ஒரு கிழமையில் புகைபோல எழும்பும். கதைக்க வாய் திறந்தால் உள்ளே போகும். கிராமத்தவர்கள் மாலையில் தோட்டத்தில் இருக்க முடியாமல் வீட்டுக்குள் போய்விடுவார்கள். வசந்த காலத்தில் ஹெலிகொப்டர் தாழப் பறந்து, தேங்கிய நீரில் குடம்பிகளைக் கொல்லும் மருந்தைத் தூவும். அண்ணை வந்த முதல் வருடம் அது அவருக்குத் தெரியாது. வயலோரம் வந்துகொண்டிருந்தவர் சத்தம் கேட்டதும் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்துவிட்டார். முதலாளி ஓடிப்போய் எழுப்பி விளக்கினார்.

"நுளம்புக்கோ?" என்று என்னிடம் கேட்டார் அண்ணை.

"நுளம்புக்குத்தான்."

"எங்களுக்குத்தான் ஹெலி எண்டு நினைச்சன்" என்றார். சேற்றைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

நுளம்புக்கு அவரிடம் சொந்த மருந்து இருந்தது. மனைவி, ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் ஒரு பழைய இருமல் பாணிப் போத்தலில் வேப்பெண்ணெய் கொடுத்து அனுப்பியிருந்தார். தேங்காயெண்ணெயில் கலந்து கழுத்து, கை, கால் எல்லாம் பூசுவார். காட்டுக்குப் போகிற வன்னிக்காரர் பூசுகிறதுதான். நுளம்பு கிட்ட வராது, தெள்ளு வராது, உண்ணி ஏறாது. "மனிசரும் வராயினம்" என்றேன். "அது கூடுதல் நன்மை" என்றார்.

ஆனால் பன்றிகளும் வரவில்லை. பன்றிக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்குத்தான் எல்லாம். அந்த ஜூலையில் தொடர்ந்து சில மாலைகள் பன்றிகள் நாணலின் விளிம்புவரை வந்து, மூக்கைத் தூக்கிப் பார்த்து, திரும்பிப் போயின. முதலாளி பரண்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சோளம் போட்டுவிட்டுப் போனவர் அண்ணை. அவர் கை வைத்த ஏணியிலும் கம்பியிலும் வேப்பெண்ணெய் மணத்தது. அடுத்த நாள் சமையலறைக்கு வந்து முதலாளி சொன்னார், வேட்டை நாட்களில் அந்த எண்ணெய் வேண்டாம். கடையில் விற்கும் மருந்தும் வேண்டாம். அதுவும் மணக்கும். தானும் எதுவும் பூசுவதில்லை, நுளம்பு கடித்தால் கடிக்கட்டும் என்றார்.

அது நியாயமான பேச்சு. வேட்டைக்காரர் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அண்ணையும் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு எதிரான ஊசி. ஜெர்மனியின் தென்பகுதியில் சில இடங்களில் உண்ணி மூளையைத் தாக்கும் ஒரு கிருமியைக் கொண்டுவரும். காட்டுக்குப் போகிறவர்கள் மூன்று தடவை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முதலாளியின் மனைவி எங்கள் இருவரையும் முந்தின வருடமே டொக்டரிடம் கூட்டிப்போனார். நான் மூன்றையும் போட்டேன். அண்ணை ஒன்றோடு நிறுத்திவிட்டார். அந்த ஊசி போட்டபின் அவருடைய கை இரண்டு நாள் வலித்தது. பெரிய அண்டாவைத் தூக்க முடியவில்லை.

"சும்மா இருந்த கையை நோகப் பண்ணிப்போட்டு அதுக்கு மருந்தெண்டு பேர்" என்றார். "உண்ணி மாட்டில இருக்கும், நாயில இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கழண்டு விழும். வன்னிக் காட்டில கரடிக்குத் தப்பின ஆள், உண்ணிக்கு ஊசியோ?"

டொக்டரிடமிருந்து இரண்டாவது ஊசிக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அன்று விடுதியில் ஒரு கலியாண விருந்து. அவர் போகவில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். நாய் நீண்ட வாரில் முன்னால் போயிற்று. வாரைப் பிடித்தபடி அந்தப் பெண், தோளில் குட்டைத் துவக்குடன். அடுத்து முதலாளி. பின்னால் கயிறும் தடியுமாக நாங்கள். நாணல் இருபுறமும் சாய்ந்து முகத்தில் அடித்தது. பனி இறங்கியிருந்ததால் பத்து நிமிடத்தில் எல்லோரும் நனைந்துவிட்டோம். நுளம்பு கண்ணிமையிலும் காது மடலிலும் அப்பிக்கொண்டது. ஒருவரும் அதைக் கையால் அடிக்கவில்லை. சத்தம் கேட்கக்கூடாது. அண்ணையின் கழுத்தில் எட்டு, ஒன்பது நுளம்புகள் வரிசையாக உட்கார்ந்து வயிறு சிவந்துகொண்டிருப்பதை நான் பின்னால் நின்று பார்த்தேன்.

நாய் நின்றது. முதுகு மயிர் எழும்பியது. அந்தப் பெண் வாரைக் கைவிட்டார்.

பன்றி எங்கள் பக்கவாட்டிலிருந்து வந்தது. தன் தடத்தைச் சுற்றி வந்து பக்கத்தில் படுத்திருந்திருக்கிறது. முதலில் நாணல் முறிகிற சத்தம். பிறகு ஒரு கறுப்பு. அது நேராக அண்ணையிடம் போனது. அவர் ஓடவில்லை. சேற்றில் ஓட முடியாது. தடியைக் குறுக்கே பிடித்துக் காலை அகட்டி நின்றார். பன்றி தலையை ஒரு தடவை பக்கமாக வெட்டியது. அண்ணை நாணலுக்குள் மல்லாக்க விழுந்தார். அது திரும்பிய கணத்தில் அந்தப் பெண் சுட்டார்.

நாங்கள் மூவரும் அண்ணையைச் சுற்றி முழங்காலில் இருந்தோம். இடது காலின் இரப்பர் பூட்ஸ் கணுக்காலிலிருந்து மேல்வரை கிழிந்திருந்தது. உள்ளே இரட்டைக் காலுறை. முதலாளி அவற்றை வெட்டி எடுத்தார். தோலில் ஒரு சிவப்புக் கோடு மட்டும். இரத்தம் இல்லை. காலின் பெரிய நாளம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று அந்தப் பெண் விரலால் காட்டினார். கோட்டுக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி.

அண்ணை எழுந்து உட்கார்ந்தார். "பூட்ஸ் யார் வாங்கித் தாறது எண்டு கேளும்" என்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுட்ட விலங்கின் வாயில் ஒரு சிறு கிளையை ஒடித்து வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். முதலாளி தொப்பியைக் கழற்றி, சதுப்போரத்து மரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்துப் பன்றியின் பல்லிடுக்கில் செருகி, ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். அண்ணை இதைப் பலமுறை பார்த்தவர். ஒவ்வொரு முறையும் ஒன்றேதான் சொல்வார்: "இவங்களும் வாய்க்கரிசி போடுறாங்கள் பார்." அன்றும் சொன்னார். ஆனால் அன்று அவரும் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு கயிற்றை வலது தோளில் போட்டு இழுத்தார். கொக்கியில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. விடுதியில் அவருக்குப் பெரிய மரியாதை நடந்தது. மாலையில் பியர் குடிக்க வந்தவர்கள் கிழிந்த பூட்ஸைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கதை தெரியாதவர்களுக்கு முதலாளி திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் குளிக்கும்போது வலது அக்குளில் ஒரு உண்ணியைக் கண்டார். எள்ளளவு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடுக்கியால் எடுக்கலாம் என்றேன். அதற்குள் அவர் சமையலறைக்குப் போய் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அது கழன்றது. நகத்தில் வைத்து நசுக்கினார். "பன்றி பாஞ்சு ஒண்டும் ஆகேல்லை, இவர் வந்திட்டார்" என்றார். பின்னால் ஆஸ்பத்திரியில் இதைப் பற்றிக் கேட்டேன். எண்ணெய் விட்டதால் நோய் வந்ததல்ல, விடாவிட்டாலும் வந்திருக்கும், இந்தக் கிருமி உண்ணி கடித்த உடனேயே இறங்கிவிடும் என்றார்கள். வேப்பெண்ணெய் பூசியிருந்தால் அது ஏறியிருக்காதா என்று கேட்டேன். அது தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

ஒரு கிழமைக்கு மேல் சென்றபின் காய்ச்சல் வந்தது. உடம்பு வலித்தது, இருமல் இல்லை. மூன்று நாள் படுத்திருந்தார். கோடைக் காய்ச்சல் என்று எல்லோரும் சொன்னோம். அது விட்டது. நன்றாகவே விட்டது. வேலைக்கு வந்தார், கலகலப்பாக இருந்தார். ரயிலேறி ஸ்டுட்கார்ட் போய்த் தமிழ்க் கடையில் அரிசி மா, கறித்தூள், மகளுக்கு ஒரு சோடி வளையல் வாங்கினார். தனக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்து என்முன்னால் போட்டுப் பார்த்தார். இரண்டு கையையும் மேலே தூக்கி, கமக்கட்டு இறுக்குகிறதா என்று பார்த்தார்.

"தூக்கேக்கை கிழியக்கூடாது" என்றார்.

அதற்கு ஐந்தாறு நாட்களின் பின், மதியச் சமையல் நடுவில், தலை இடிக்கிறது என்று வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்தார். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வாந்தி எடுத்தார். முதலாளி தன் காரிலேயே பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே முதுகெலும்பில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் நினைவு தெளிந்தது. பேச்சும் இருந்தது. தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை. வலது கை தோளிலிருந்து அசையவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன. இடது கையை மார்புவரை கொண்டுவந்தார், அதற்குமேல் போகவில்லை.

இது உண்ணிக் காய்ச்சல், சிலருக்குத் தோள் இப்படிப் போகும் என்றார் டொக்டர். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. மாதங்கள் பார்க்க வேண்டும்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தத் திகதி இண்டைக்கு?"

சொன்னேன். விமானம் வர எட்டு நாள்.

"அவையளுக்குச் சொல்லாதையும். விட்டிட்டு நிண்டிடுவினம். விசா முடிஞ்சிடும். காய்ச்சல் எண்டு மட்டும் சொல்லும்."

அவர் மனைவிக்கு நான் அப்படியே சொன்னேன். காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், நான்தான் கூப்பிட வருவேன். மறுபக்கத்தில் வேறு ஆட்களும் தொலைபேசிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள் போலும். "சரி தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பிராங்பேர்ட்டில் விமானம் காலையில் இறங்கியது. நான் தடுப்புக்கு வெளியே நின்றேன். எனக்கும் தகப்பனின் நிறம், தகப்பனைப் போலவே மீசை. அந்தப் பிள்ளை பார்த்த படங்கள் எல்லாம் பழையவை. கதவு திறந்தது. தாய் தள்ளுவண்டியோடு வர, அவள் முன்னால் ஓடிவந்தாள். இரட்டைப் பின்னல், அளவுக்குப் பெரிய குளிர்ச்சட்டை. என் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

நான் அசையாமல் நின்றேன். தாய் வந்து அவள் கைகளைப் பிடித்து இறக்கினார். "அது அப்பா இல்லையம்மா. சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லு."

பிள்ளை வணக்கம் சொன்னாள். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தாள், அங்கே யாரும் நிற்கிறார்களா என்று.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ரயிலில் நான் அண்ணையின் மனைவிக்கு உள்ளதைச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். ஒரே ஒரு கேள்வி: "நான் அனுப்பின எண்ணெய் கிடைச்சதோ?"

"கிடைச்சது அக்கா."

"பூசினவரோ?"

"பூசினவர்" என்றேன். வேட்டை நாட்களைப் பற்றியும் சொன்னேன்.

அண்ணைக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டு விட்டிருந்தார்கள். தாதி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக் கழுத்துக்கு இருபுறமும் துவாய் சுருட்டி வைத்திருந்தார். மனைவி கால்மாட்டில் நின்று அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டார். மகள் கட்டிலருகே வந்து அவருடைய வலது கையைப் பார்த்தாள். அது விரிப்பின்மேல் வைத்தபடி கிடந்தது.

"அப்பா, கை நோகுதோ?"

"நோகேல்லை" என்றார். அது உண்மை. நோவு இருக்கவில்லை.

"அப்ப ஏன் தூக்கேல்லை?"

அவர் என்னைப் பார்த்தார். தாதி கட்டிலின் கம்பியை இறக்கிவிட்டு, ஏறு என்று சைகை காட்டினார். பிள்ளைக்குப் புரியவில்லை. அவள் நின்றபடியே, அண்ணை வாங்கிவைத்திருந்து நான் எடுத்துக் கொடுத்த வளையலைப் போட்டுப் பார்த்தாள். அளவு பெரிது. கையிலிருந்து கழன்று விழுந்தது.

முதலாளி மாலையில் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். எண்ணெய் வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று அவருக்குச் சொல்லு என்றார். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அண்ணைக்கு அந்த அளவு ஜெர்மன் விளங்கும்.

"பூசியிருந்தா பன்றி வந்திராது எண்டு சொல்லும்" என்றார் அண்ணை. "அவர் சொன்னது சரி."

செப்டெம்பரில் அண்ணையைத் தெற்கே ஒரு சிகிச்சைப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார்கள். கழுத்து நிமிர்ந்தது. இடது கையால் கரண்டி பிடித்தார். வலது தோளில் சதை இறங்கி எலும்பு தெரியத் தொடங்கியது. அந்த இலையுதிர் காலத்தில் முதலாளி நாணலுக்குள் வேட்டைக்கு ஆட்களைக் கூப்பிடவில்லை. விடுதியில் வேலை செய்த எல்லோரையும் உண்ணி ஊசி போடத் தவணை வைத்து டொக்டரிடம் கொண்டுபோனார். அண்ணையின் மனைவியையும் மகளையும் ஒரு திங்கட்கிழமை அவரே காரில் ஏற்றினார். நான் மொழிபெயர்க்கப் போனேன். அவர் உள்ளே வரவில்லை, காரிலேயே இருந்தார்.

காலையில் அண்ணை பயிற்சி நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்திருந்தார். ஊசி போடுகிற கை இரண்டு நாள் வலிக்கும், பயப்படவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லச் சொன்னார். "நிறுப்பினம். எவ்வளவு எண்டு பாத்துக்கொண்டு வாரும்" என்றும் சொன்னார்.

தாதி சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பிள்ளை தராசில் ஏறி, கையிரண்டையும் உடம்போடு ஒட்டி, நேராக நின்றாள்.

இருபத்தொரு கிலோ.